பெங்களூர் மாடியில் ஒரு நெபுலா

வெளிச்சத்தில் மூழ்கிய மாநகர வானத்திலிருந்து வாயு மேகங்களை மீட்டெடுக்கிறார்கள் அமெச்சூர் வானியலாளர்கள். எவற்றை மீட்க முடியாது என்பதையும் அவர்களுடைய படங்களே சொல்லிவிடுகின்றன.

பெங்களூர் மொட்டைமாடிகளில் துருவ நட்சத்திரம் பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. நகரம் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கினால் ஒரு முஷ்டியின் அகலம் 10 டிகிரி. அந்த ஒன்றேகால் முஷ்டி உயரத்துக்குள் தொட்டி, செல்போன் கோபுரம், எதிர் அடுக்குமாடியின் மேல்தளங்கள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. மிச்ச இடைவெளியைத் தூசியும் வெளிச்சமும் நிரப்புகின்றன. ஆனால் டெலஸ்கோப்பைத் தாங்கும் கருவியின் அச்சை பூமியின் அச்சுக்கு இணையாக வைக்க அந்த நட்சத்திரம் தேவை. எனவே மாடியில் டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் ஒரு குறுக்குவழி கண்டிருக்கிறார்கள். தெரிகிற வானத்தில் இரண்டு மூன்று படங்கள் எடுத்துக் கொடுத்தால், அவற்றில் விழுந்த நட்சத்திரங்களின் அமைப்பை வைத்து, தெரியாத துருவம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

தெரிவதை வைத்துத் தெரியாததைப் பிடிப்பதுதான் மாநகர வானப் புகைப்படக் கலையின் அடிப்படை.

இதில் ஈடுபட்டிருப்பவர்கள் தொழில்முறை விஞ்ஞானிகள் அல்ல. மென்பொருள் நிறுவன ஊழியர்கள், டாக்டர்கள், வங்கி அதிகாரிகள், பொறியியல் மாணவர்கள். பெங்களூர் மட்டுமின்றி சென்னை, மும்பை, தில்லி, புனே என்று எல்லாப் பெருநகரங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். பகலில் அலுவலகம், இரவில் மொட்டைமாடி. சின்ன டெலஸ்கோப், அதை வானத்தோடு சேர்த்து நகர்த்தும் மோட்டார், ஒரு கேமரா, ஒரு லேப்டாப், தரையெங்கும் வயர்கள். செலவு ஒரு ஸ்கூட்டர் விலையில் ஆரம்பித்து, ஆசை முற்றினால் கார் விலையில் போய் நிற்கும். இவர்கள் தேடுவது நெபுலாக்களை. நட்சத்திரங்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயு மேகங்கள், தூசு மேகங்கள் இவை. சில மேகங்களில் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. வேறு சில, நட்சத்திரங்கள் இறந்தபின் விட்டுச் சென்ற எச்சங்கள்.

இந்த வேலைக்கு மாநகரத்தைவிட மோசமான இடம் கிடைப்பது கடினம். வானத்தின் இருட்டைத் தரம் பிரிக்க ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க அமெச்சூர் வானியலாளர் 2001-இல் ஒன்பது படிகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். 1 என்றால் மாசு மருவற்ற இருட்டு. 9 என்றால் மாநகரத்தின் மையம். பெங்களூரின் உட்பகுதிகள் கடைசி இரண்டு படிகளில் இருக்கின்றன. ஜனவரி மாதம் இரவு எட்டு மணிக்கு அண்ணாந்து பார்த்தால் வானம் கறுப்பாகவே இல்லை. சாம்பல் கரைத்துப் பூசியது போன்ற நிறம். திருவாதிரை நட்சத்திரம் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். தெற்கே சிரியஸ். இன்னும் சில டஜன் தேறும். அத்தோடு சரி.

இதே வானத்திலிருந்துதான், இடுப்பின் மூன்று நட்சத்திரங்களில் கீழ்க்கோடியில் இருப்பதன் அருகே நிற்கும் குதிரைத்தலை நெபுலாவைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் இவர்கள். சிவப்பு மேகத்தின் முன்னால் ஒரு கரிய குதிரையின் தலை. ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பது. நல்ல இருட்டிலும் வெறும் கண்ணுக்குப் புலப்படாதது.

ஒரே ஒரு சிவப்பு

இது எப்படிச் சாத்தியம்? பதில் ஹைட்ரஜனிடம் இருக்கிறது. ஓரியனில் உள்ளது போன்ற மேகங்களுக்குள் சூடான இளம் நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களைச் சிதைக்கின்றன. சிதைந்தவை மறுபடி சேரும்போது ஒளியை உமிழ்கின்றன. அந்த ஒளி எல்லா நிறங்களிலும் பரவுவதில்லை. ஹைட்ரஜனின் முக்கியமான சிவப்பு ஒளிக்கு 656.3 நானோமீட்டர் அலைநீளம். ஆக்சிஜன் இருந்தால் 500.7-இல் ஒரு நீலப்பச்சை. கந்தகம் இருந்தால் 672-ஐ ஒட்டி இன்னொரு சிவப்பு. மேகம் பேசுவது இந்த இரண்டு மூன்று சுருதிகளில் மட்டுமே.

நகரத்தின் வெளிச்சமோ எல்லா நிறங்களிலும் இரைச்சல் போடுகிறது. ஆகவே கேமராவுக்கு முன்னால் ஒரு வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். 656.3-ஐச் சுற்றி மூன்று முதல் ஏழு நானோமீட்டர் வரை மட்டும் உள்ளே விட்டு, மீதி அனைத்தையும் நிறுத்திவிடும் கண்ணாடி அது. கண்ணால் காணும் ஒளியின் மொத்த அகலம் முந்நூறு நானோமீட்டருக்கு மேல். அதில் இவ்வளவு சன்னமான ஒரு சந்து வழியாக நகரத்தின் வெளிச்சம் மிகக் கொஞ்சமே நுழைய முடியும். மேகத்தின் சிவப்போ ஏறக்குறைய முழுதாக வந்துவிடுகிறது. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு நாதஸ்வரத்தின் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் கேட்பது போன்ற ஏற்பாடு. நிலா வெளிச்சம்கூட இந்தச் சந்தில் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. பௌர்ணமிக்கு முந்தைய நாளிலும் வேலை நடக்கிறது.

கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கேமராவில் ஒரு சிக்கல் உண்டு. மனிதத் தோலின் நிறம் சரியாக வரவேண்டும் என்பதற்காக அதற்குள் இருக்கும் ஒரு கண்ணாடித் தகடு, ஆழ்ந்த சிவப்பின் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது. வெட்டுப்படுவதில் ஹைட்ரஜனின் சிவப்பும் அடக்கம். எனவே பழைய கேமராவை வாங்கி அந்தத் தகட்டைக் கழற்றச் செய்வது இந்த உலகத்தில் ஒரு துவக்கச் சடங்கு. அடுத்த கட்டம், சென்சாரைப் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்விக்கும் தனி வானியல் கேமரா. வெப்பத்தால் சென்சாரில் முளைக்கும் பொய்ப் புள்ளிகள் குளிரில் அடங்கிவிடும்.

ஈலிங் தோட்டம்

கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டும் என்ற கண்டுபிடிப்பு புதிதல்ல. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க டாக்டர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தார். 11 அங்குல டெலஸ்கோப்பில் 51 நிமிடம் ஒளி வாங்கிய கண்ணாடித் தகடு அது. மூன்று ஆண்டுகளில் அவரை மிஞ்சியவர் ஆண்ட்ரூ எய்ன்ஸ்லி காமன். தொழிலால் சுகாதாரப் பொறியாளர். லண்டன் புறநகரான ஈலிங்கில் தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி கொண்ட டெலஸ்கோப்பை நிறுத்தி, 1883-இல் அவர் எடுத்த படத்தில், அந்த டெலஸ்கோப் வழியாகக் கண்ணால் பார்த்தாலும் புலப்படாத நட்சத்திரங்கள் விழுந்திருந்தன. அடுத்த ஆண்டு ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. குதிரைத்தலையைக் கண்டுபிடித்ததும் ஒரு புகைப்படத் தகட்டில்தான். 1888-இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியமினா ஃபிளெமிங் என்ற பெண்மணி அதைக் கண்டார்.

அமெச்சூர், வீட்டுத் தோட்டம், பெரு நகரம். மூன்றும் அப்போதே சேர்ந்துவிட்டன. ஒன்றுதான் வித்தியாசம். ஈலிங்கின் இரவு அன்று எரிவாயு விளக்குகளின் இரவு.

நம் நாட்டு நகரங்களும் அப்படி இருந்தவைதான். சென்னை எழும்பூரில் 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தன் சொந்த முயற்சியில் தொடங்கிய வானாய்வகம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் நிறுவனமாக வளர்ந்தது. அதைக் கட்டியபோது நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். 1861-இல் நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தது இந்த நுங்கம்பாக்கத்தில்தான். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். இன்று நுங்கம்பாக்கத்தில் நின்று சிறுகோள் தேட எவரும் கிளம்பமாட்டார்கள்.

பெங்களூருக்கு வெளிச்சம் வந்த கதையில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902-இல் மின்சாரம் உற்பத்தியானது கோலார் தங்கச் சுரங்கத்துக்காக. அந்தச் சுரங்கங்களின் ஆழத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். அதே மின்சாரம் 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூர் நகரத் தெருக்களில் விளக்காக எரிந்தது. இந்தியாவில் மின்விளக்குத் தெருக்களை முதலில் கண்ட நகரங்களில் ஒன்று என்ற பெருமையை இந்நகரம் அன்றே பெற்றுவிட்டது. அதன் விலை என்னவென்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

நூறு படங்கள், ஒரு படம்

மாடியில் ஓர் இரவின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலுப்பூட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று கேமரா தானே எடுத்துக்கொண்டிருக்கும். பூமி சுழல்வதால் வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகர்கிறது. மோட்டார் அதே வேகத்தில் டெலஸ்கோப்பைத் திருப்ப வேண்டும். ஒரு நொடி பிசகினாலும் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். அதைக் கண்காணிக்க இரண்டாவதாக ஒரு குட்டிக் கேமரா, ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, விலகல் தெரிந்ததும் மோட்டாரைத் திருத்துகிறது. இடையில் லென்ஸில் பனி படியும். தேவனஹள்ளிக்கு இறங்கும் விமானம் ஒன்று குறுக்கே விளக்கை மினுக்கிக்கொண்டு போகும். 2019-க்குப் பிறகு கூட்டம் கூட்டமாக ஏவப்பட்ட இணையச் செயற்கைக்கோள்கள் கோடு கிழித்துவிட்டுப் போகும். ஆயினும் பதற்றமில்லை. பின்னால் கணக்குப் போடும்போது, நூறு படங்களில் ஒன்றில் மட்டும் இருக்கும் கோட்டை மென்பொருள் தள்ளிவிடும்.

நூறு படங்கள் எதற்கு? நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழுகிறது. இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறு வேறு மாதிரி விழுகிறது. நூறு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டினால் நெபுலா நூறு மடங்காகும். இரைச்சல் நூறின் வர்க்கமூலமான பத்து மடங்குதான் ஆகும். கூட்டி முடித்தபின் நெபுலா இரைச்சலைவிடப் பத்து மடங்கு மேலே எழுந்து நிற்கிறது. டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்களே இந்த வேலைக்குப் போதும். ஐந்து நிமிடப் படங்கள் நூறு என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். ஓர் இரவில் முடியாது. மூன்று நான்கு இரவுகளாகச் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் மேகம் விடுவதில்லை. ஆண்டின் வேலை எல்லாம் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள்.

தெற்கே இருப்பதால் சில சலுகைகளும் உண்டு. ஓரியன் நெபுலா இங்கே உச்சிக்கு அருகில், 70 டிகிரிக்கும் மேலே ஏறுகிறது. தில்லிக்காரர்களுக்கு 56 டிகிரிதான். தென்வானத்தின் மிகப் பெரிய நெபுலாக்களில் ஒன்றான கரினா, பெங்களூரிலும் சென்னையிலும் தெற்கு அடிவானத்துக்கு மேலே 17 டிகிரி வரை எழும்பும். தில்லியில் அது அடிவானத்தை உரசிவிட்டு மறைந்துவிடுகிறது.

மின்வெட்டு வந்தால் மாடிக்காரர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். டெலஸ்கோப் பேட்டரியில் ஓடுகிறது. தெருவும் எதிர்ப்பக்க வணிக வளாகமும் அணைந்த பத்து நிமிடத்தில் எடுத்த இரண்டு படங்கள் அந்த இரவின் மிகச் சிறந்த படங்களாக இருக்கும். கீழே தெருவில் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, மேலே ஒருவர் இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பார்.

கடைசியில் திரையில் விரிகிறது படம். சில படங்களில் பொன்னும் நீலமும் கலந்த நிறங்கள். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கும் முறை அது. 1995-இல் ஹபிள் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ என்ற புகழ்பெற்ற படத்தால் உலகெங்கும் பரவியது. ஒளி உண்மை, நிறம் ஓர் ஏற்பாடு. எவ்வளவு பெரிய டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாலும் மங்கிய நெபுலாக்கள் சாம்பல் நிறத்தில்தான் தெரியும்.

கார்த்திகைக் கணக்கு

இத்தகைய படத்தைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அங்கிள், இது எங்கே இருக்கு?” மாடிக்காரர் கையை உயர்த்திக் காட்டுவார். குழந்தை அண்ணாந்து பார்க்கும். விரல் காட்டும் இடத்தில் ஒன்றுமே இருக்காது.

இந்த இடத்தில்தான் வடிகட்டியின் வெற்றி முடிந்துவிடுகிறது. வெற்றியின் எல்லையைச் சொல்ல கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. முருகனை வளர்த்த தாய்மார் ஆறு பேர் என்று சொல்லும் கதைக்கு வானத்தில் நேரடிச் சான்று இருக்கிறது. சுமாரான இருட்டில் வெறும் கண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் ஆறு நட்சத்திரங்கள் தெரியும். ஆறும் வானியல் பிரகாச அளவில் 2.9-லிருந்து 4.3 வரை. மாநகர வானத்தில் கண்ணுக்கு எட்டும் எல்லையே கிட்டத்தட்ட 3.5-லிருந்து 4. ஆகவே நகரத்து மாடியில் எண்ணினால் ஆறு பேரில் ஒருவர், நல்ல இரவில் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் வெளிச்சத்தில் கரைந்துவிட்டார்கள். கார்த்திகை தீபத்தன்று அகல்விளக்குகளை ஏற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் நகரத்து வீடுகளில், அந்த விழாவுக்குப் பெயர் கொடுத்த நட்சத்திரங்களைக் காட்ட முடிவதில்லை.

கேமரா இதை மீட்டுத்தராதா என்றால், பாதிதான் தரும். கார்த்திகை நட்சத்திரங்களைச் சுற்றி அழகான நீலத் தூசு மேகம் ஒன்று இருக்கிறது. அது தானாக ஒளிர்வதில்லை. பக்கத்து நட்சத்திரங்களின் ஒளியைச் சிதறடித்துக் காட்டுகிறது. எனவே ஹைட்ரஜன் மேகம் போல ஒரு சுருதியில் நிற்காமல் எல்லா நிறங்களிலும் பரவியிருக்கிறது. வடிகட்டி போட்டால் நகரத்தின் வெளிச்சத்தோடு அதுவும் போய்விடும். ஆண்ட்ரோமீடா போன்ற அண்டங்களுக்கும், நம் பால்வீதியின் நட்சத்திரப் பெருக்குக்கும் இதே கதிதான்.

வடிகட்டி இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மாநகர மையத்தின் வானம் நல்ல இருண்ட வானத்தைவிட நாற்பது மடங்கு பிரகாசமாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில், இருண்ட வானத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தரத்தைப் பெற நாற்பது மணி நேரம் படம் எடுக்க வேண்டும். மேகமில்லாத இரவுகளாகப் பார்த்து எடுத்தால் ஒரு பருவம் முழுக்க ஒரே படம்.

பிரச்சினை வளர்ந்துகொண்டும் இருக்கிறது. பழைய சோடியம் விளக்குகள் ஆரஞ்சு நிறத்தின் குறிப்பிட்ட சில பகுதிகளில் அதிகமாக ஒளிர்ந்தன. அவற்றை மட்டும் வெட்டும் எளிய வடிகட்டிகள் ஒரு காலத்தில் நன்றாகவே பயன்பட்டன. மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வந்தன. மின்சாரச் செலவு குறைந்தது. அது உண்மையான லாபம். ஆனால் வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறங்களிலும் ஒளிர்கிறது. நீலப் பகுதியில் அதற்கு ஓர் உச்சம் உண்டு. நீல ஒளிதான் காற்றில் மிக அதிகமாகச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்வது. பழைய வடிகட்டிகள் இதற்கு முன்னால் செயலற்றுப்போயின.

உலக அளவிலும் நிலைமை இதுவே. மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாங்கள் வசிக்கும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது என்று 2016-இல் வெளியான உலக அட்லஸ் ஒன்று தெரிவித்தது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் கண்ணால் பார்த்துக் குறித்த 51,000 பதிவுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது என்று 2023-இல் எழுதினார்கள். இதே வேகத்தில் போனால், 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் இன்று பிறக்கும் குழந்தை தனக்குப் பதினெட்டு வயது ஆகும்போது அங்கே 100 நட்சத்திரங்களைத்தான் பார்க்கும்.

காவலூரும் ஹான்லேயும்

பெங்களூர் அமெச்சூர்கள் அவ்வப்போது காரில் டெலஸ்கோப்பை ஏற்றிக்கொண்டு நகரத்தை விட்டு ஓடுவது வழக்கம். தொழில்முறை வானியலும் இதே ஓட்டத்தைத்தான் ஓடியிருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் வைணு பாப்பு இருண்ட வானம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். ஆலங்காயம் தாண்டி, காட்டுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேலே. 1977-இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று கண்டறிந்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அங்கே 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைத் தொடங்கிவைத்தார். பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. வானாய்வகத்துக்கும் டெலஸ்கோப்புக்கும் அவர் பெயரே நிலைத்தது.

காவலூருக்கு அடுத்த நிறுத்தம் ஹான்லே. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள சரஸ்வதி மலை மீது, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் டெலஸ்கோப் 2000-இல் முதல் ஒளியைக் கண்டது. லாகூரில் பிறந்து சென்னையில் படித்த எஸ். சந்திரசேகரின் பெயர் அதற்கு. இந்த டெலஸ்கோப்பை இயக்குபவர்கள் ஹான்லேயில் உட்காருவதில்லை. பெங்களூரிலிருந்து சுமார் 35 கி.மீ. தள்ளி ஹொஸ்கோட்டேயில் உள்ள அறையிலிருந்து செயற்கைக்கோள் தொடர்பு வழியாக இயக்குகிறார்கள். ஒரே இரவில், ஒரே நகரத்தின் பக்கத்தில், இரண்டு வகை வானம். ஹொஸ்கோட்டேயின் திரையில் லடாக்கின் இருட்டு. மாடிக்காரரின் திரையில் பெங்களூரின் வெளிச்சத்தைச் சலித்தெடுத்த மிச்சம்.

ஹான்லேக்குப் போவது லேசல்ல. லே நகரிலிருந்து 250 கி.மீ.-க்கு மேல். எல்லைப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு வேண்டும். மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இருபது டிகிரிக்கும் கீழே போகும். ஆனால் அந்த இருட்டு அங்கே தானாக நிலைத்துவிடவில்லை. வானாய்வகத்தைச் சுற்றி 1,073 சதுர கி.மீ. பரப்பு 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் இருக்கும் கிராமத்து வீடுகள் ஜன்னல்களில் தடித்த திரை போடுகின்றன. வெளிவிளக்குகளுக்கு மூடி உண்டு. இரவில் வரும் வாகனங்கள் முகப்பு விளக்கைத் தாழ்த்த வேண்டும். உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்கு டெலஸ்கோப்பும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வானத்தைக் காட்டுகிறார்கள். வீட்டில் தங்கவைக்கிறார்கள். இருட்டு அங்கே ஒரு வருமானம்.

மகாராஷ்டிரத்தின் பென்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற இருண்ட வானப் பூங்கா ஆனது. அங்கேயும் சுற்றுக் கிராமங்களின் விளக்குகளை மாற்றினார்கள். ஒளியை நிறுத்தவில்லை. தரையை நோக்கித் திருப்பினார்கள்.

விளக்குக்கு ஒரு தொப்பி

கோடிப் பேர் வாழும் நகரத்தை ஹான்லே ஆக்க முடியாது. அப்படி யாரும் கேட்கவும் இல்லை. இரவுப் பணி முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து தனியாக நடக்கும் பெண்ணுக்குத் தெருவிளக்கு வேண்டும். ஆனால் அவருக்கு வேண்டிய வெளிச்சம் சாலையில் விழுவது. பக்கவாட்டிலும் மேலேயும் போவது யாருக்கும் பயனில்லாமல் வீணாகும் மின்சாரம். கண் கூசவைக்கும் விளக்கு, தனக்கு அப்பால் நிழலில் நிற்பவரை மறைக்கவும் செய்கிறது.

செய்ய வேண்டியவை சிலதான். விளக்கின் மேலும் பக்கங்களிலும் மூடி. நீலம் தூக்கலான வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. நடுநிசிக்குப் பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில் பாதி வெளிச்சம். விளம்பரப் பலகைகளைக் கீழிருந்து மேலாக ஒளியூட்டுவதை நிறுத்துவது. இவற்றில் எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. வார்டு அலுவலகத்தில் டெண்டர் எழுதும்போது இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

மாடிக்காரர்களின் படங்களுக்கு இந்த வழக்கில் ஒரு சாட்சியின் இடம் உண்டு. வானத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்து வளரும் தலைமுறைக்கு, அங்கே குதிரைத்தலை இன்னும் நிற்கிறது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி இன்னும் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவை நிரூபிக்கின்றன. ஆனால் ஒரு கார் விலையில் வாங்கிய கருவி மீட்டுத்தருவது அதை வாங்கியவரின் திரைக்கு மட்டும். கார்த்திகையின் ஆறு நட்சத்திரங்களுக்கு வடிகட்டி கிடையாது. அவற்றைப் பார்க்க ஒரு காலத்தில் யாருக்கும் காசு செலவானதும் இல்லை.

தொப்பி போட்ட விளக்கின் கீழே சாலையில் வெளிச்சம் குறையாது. ஊர் முழுக்கப் போட்டால் மேலே கார்த்திகையில் இன்னும் ஒன்றிரண்டு பேர் தெரிவார்கள்.